வாசலுக்கு வந்த குண்டுமல்லி

மாதுங்காவில் அனந்தநாராயணன் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் முன் பால்கனியில் நாலு தொட்டி வைக்க இடம் இருந்தது. யுத்தம் முடிந்த வருஷம், மழை தொடங்குவதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைவண்டி நிறையச் செடியோடு வந்த முகம்மது ஹனீபை அவர் நிறுத்தினார்.

“மோக்ரா லேலோ, சாப்!” என்று குண்டுமல்லிக் கன்றை நீட்டினான் ஹனீப்.

பூச்செடியே வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நாலும் குரோட்டன்ஸாகவே பொறுக்கினார். மனைவி ஷ்யாமளாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“ஒரே ஒரு மல்லியாவது வாங்கப்படாதா?”

“விஜி கண்ணெதிர்ல பூவா? நாலு பேர் என்ன சொல்லுவா?”

விஜி என்கிற விஜயலக்ஷ்மி அவருடைய தங்கை. இருபத்துமூன்று வயது. புருஷன் டைபாய்டில் போய், அண்ணா வீட்டோடு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தங்கைக்குப் பெரிய உபகாரம் செய்வதாகவே அவர் நம்பினார். விஜி தினமும் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஈரத் துணியால் இலைகளைத் துடைத்தாள்.

அடுத்த சித்திரையில் ஒரு காலை, கரி எடுக்கப் பின்பக்கம் போன அனந்தநாராயணன் அப்படியே நின்றுவிட்டார். கரி மூட்டைக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். அதில் குண்டுமல்லி, கொத்துக் கொத்தாய் மொட்டு.

விஜி ஓடி வந்தாள். “ஹனீப் சும்மா குடுத்தான் அண்ணா. ஒண்ணுகூடப் பறிச்சு வெச்சுக்கல்லே. தூக்கிப் போட்டுடறேன்!” சொல்லிக்கொண்டே அவசரமாகத் தகரத்தை இழுத்தாள்.

அந்தப் பயம் அவரை உலுக்கிவிட்டது. இருவரும் பிறந்து வளர்ந்தது இதே மாதுங்காவில்தான். அப்போது வீடுகள் குறைவு. மழை நாளில் தவளைச் சத்தம் தூங்க விடாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, நந்தியாவட்டை, செம்பருத்தி என்று பேர் சொல்லிச் சொல்லிக் குச்சி ஒடித்து வருவாள் விஜி. அண்ணா மண் கொத்தணும், அவள் நடணும். நட்டது ஒன்றும் பட்டுப்போனதில்லை. “அண்ணா, பூத்துடுத்து!” என்று பள்ளிக்கூட வாசலுக்கே வந்து கையைப் பிடித்து இழுப்பாள். அந்தக் குரல் எங்கே போயிற்று?

“தலையில வெச்சுக்கப்படாதுன்னா, சரின்னுட்டேன். பார்க்கவும் கூடாதா அண்ணா?” என்றாள் விஜி இப்போது.

அவர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு முன் பால்கனிக்குப் போய், குரோட்டன்ஸை ஒதுக்கிவிட்டு நடுவில் வைத்தார்.

பக்கத்து வீட்டுப் பஞ்சு மாமா எட்டிப் பார்த்தார். “என்னடா அனந்து, விஜியை ஆத்துல வெச்சுண்டு வாசல்ல மல்லியா?”

“அவளுக்காகத்தான் மாமா. போனது அவ ஆம்படையான். அவ ஆசையுமா கூடப் போகணும்? செடி வாங்கறச்சே ஊர் வாய்க்குப் பயந்தேனே தவிர, வீட்டுல இருக்கிறவளை ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் பாவம் என்னோடது. இனிமே யாரும் பண்ணாதேங்கோ.”

மாமா உள்ளே போய்விட்டார். ஷ்யாமளா நாலு மொட்டைக் கிள்ளி விஜியின் கொண்டையில் செருகினாள்.

விஜி தடுக்கவில்லை.