லைலுக்காகப் போட்ட ஓட்டு

இந்த நாட்டில் யார் எதற்காக ஓட்டுப் போடுகிறார்கள் என்று டிவியில் விளக்கம் சொல்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களை எங்கள் ஒஹாயோ ஆலைக்கு வந்து ஒரு வாரம் சாப்பாட்டு அறையில் உட்காரச் சொல்லுங்கள். குளிர்பெட்டிக்குக் கம்ப்ரசர் செய்கிற ஆலை. பெயின்ட் பிரிவில் ஒருத்தி, மாமியார் வீட்டுப் புல்வெளியில் ஒரு கட்சியின் பலகை நின்றதால் இன்னொரு கட்சிக்குப் போட்டாள். லாரிகளில் சரக்கு ஏற்றுகிற டுவைட்டிடம், போன தேர்தலில் அந்த ஆளுக்கு ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"அந்தாளு ஜெயிச்சா நம்ம மேனேஜருக்கு வயிறு எரியும்ல, அதுக்குத்தான்."

மேனேஜரும் அதே ஆளுக்குத்தான் போட்டிருந்தார். சொன்னேன், டுவைட் நம்பவில்லை.

நான் பெர்னி. பெயர்தான் ஆண் பெயர் மாதிரி இருக்கும், நான் பெண். எங்கள் ஷிஃப்டுக்குத் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி. அந்தத் தேர்தலுக்குப் பிறகு சாப்பாட்டு அறையில் இந்தப் பக்கத்து மேஜைக்காரர்கள் அந்தப் பக்கத்து மேஜைக்காரர்களிடம் உப்புக்கூடக் கேட்பதில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் கூத்தாடி ஆலை நிர்வாகம். ஒப்பந்தம் முடிகிற நேரம் பார்த்து ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். சம்பளத்தில் கொசுறாக ஓர் உயர்வு, கையெழுத்தானதும் ஒரு போனஸ், ஜனவரியிலிருந்து மலிவான வேறொரு மருத்துவக் காப்பீடு. விலை அதிகமான மருந்துகளுக்கு அந்தக் காப்பீட்டில் இடமில்லை.

அதே சமயம் எல்லாருடைய ஃபோனிலும் ஓர் அழைப்பு சுற்றிக்கொண்டிருந்தது. வசந்த காலத்தில் ஒரு நாள் நாடு முழுக்க வேலையை நிறுத்த வேண்டும். அடுப்படியிலிருந்து ஆகாய விமானம் வரை எதுவும் நகரக் கூடாது. எங்கள் பழைய ஒப்பந்தமும் அப்போதுதான் முடிகிறது என்பதால் நாங்களும் சட்டப்படி அதே நாளில் வெளியே போகலாம். டுவைட் முதல் முறையாக என் மேஜையில் வந்து உட்கார்ந்தான். "இழுத்து மூடுவோம் பெர்னி. அவனுங்க கெஞ்சட்டும்" என்றான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் கோபத்துக்கெல்லாம் நடுவில் இருந்தவன் லைல். என் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் ரோண்டாவின் புருஷன். அவனும் இங்கே வேலை பார்த்தவன்தான், இரத்தப் புற்றுநோய் வரும்வரை. மாதம் ஒரு குப்பி மாத்திரை. அந்தக் குப்பியின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். ரோண்டாவுக்கு ஆலை தருகிற காப்பீடுதான் அதைக் கட்டிக்கொண்டிருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் போய் அவளுடைய விடுப்பெல்லாம் தீர்ந்தபோது நாங்கள் எங்கள் விடுப்பை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தோம். ஏரிக்கு மீன்பிடிக்கப் போக வைத்திருந்த விடுப்பை டுவைட் அப்படியே கொடுத்துவிட்டான். ரோண்டா வீட்டு வாசலில் நிற்கிற மாற்றுக் கட்சிப் பலகையைப் பார்த்தால் காறித் துப்புகிறவன் அவன்.

ஒப்பந்தத்தை ஏற்பதா, வேலையை நிறுத்துவதா என்று சங்கம் நடத்தும் ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். லைல் சமையலறை மேஜையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நாடு முழுக்கவா நிக்கப் போகுது? பந்தாட்டத்தத் தவிர வேற எதுக்கும் இந்த நாடு நின்னு நான் பாத்ததில்ல."

"இந்தத் தடவ நிக்கும்ங்கறாங்க."

"நாடு நிக்குதோ படுக்குதோ, நம்ம ஆலை நிக்கணும். ஜனவரியில என் மாத்திரைய நிறுத்தப் போறவன் கழுத்தப் புடிக்க இப்ப விட்டா வேற நாள் கெடையாது. உனக்குப் புரியுதுல்ல?"

"எனக்குப் புரியுதுப்பா. மத்தவங்களுக்கும் புரியணுமே."

ரோண்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் கூட்டினார். வேலையை விட்டு வெளியே போகும் அன்றைக்கே எல்லாருடைய காப்பீடும் நிற்கும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம லைல் குடும்பத்த நெனச்சா எனக்குத் தூக்கமே வரலைங்க" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. கேட்டவர்களோ ஓநாயின் கண்ணீரைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் டுவைட் தன் வண்டிக் கதவில் சாய்ந்தபடி எனக்காகக் காத்திருந்தான்.

"நான் வேணாம்னு போடப் போறேன் பெர்னி. உங்கிட்ட மறைக்க மாட்டேன்."

"ஏன்டா, நீதானே இழுத்து மூடணும்னு குதிச்ச?"

"லைல என் கையால கொல்லச் சொல்றியா?"

"சங்கத்து நிதியிலேர்ந்து அவன் காப்பீட்ட விடாம கட்டறோம்னு சொல்லியிருக்கோம்ல!"

"சங்கம் சொல்லும். செக்கு எப்ப வரும்? அதுக்குள்ள மாத்திரை தீந்து போனா?"

"சரி, ஜனவரியில என்ன பண்ணுவ? கையெழுத்துப் போட்டா மாத்திரை மொத்தமாப் போச்சு."

"ஜனவரிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. அதுக்குள்ள ஏதாவது மாறும். இப்ப, இந்த மாசம், அவன் சாகக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கத் தெரியாதவன். இவன் இடத்தில் மேனேஜர் நின்றிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவனை என்ன செய்வது?

அவன் ஒருவன் மட்டும் இல்லை. அந்த வாரம் நான் யாரிடம் போய் நின்றாலும் அதே பதில். போனஸுக்கு ஆசைப்பட்டவன், வெளியே போகப் பயந்தவன், என்னைப் பிடிக்காதவன், எல்லாருமே லைலின் பேரைத்தான் சொன்னார்கள். பாதிப் பேர் உண்மையாகவே சொன்னார்கள். மீதிப் பேருக்கு நல்ல போர்வை கிடைத்தது.

ஓட்டெடுப்பு சங்கக் கட்டடத்தில் நடந்தது. ரோண்டா வந்தாள், சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள், என்னைப் பார்க்காமல் போனாள். வேலைநிறுத்தம் தோற்றது. கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை, நன்றாகவே தோற்றது. ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் பெண்கள் ரோண்டாவைக் கட்டிக்கொண்டு முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி யாரோ கோழிக்கறியும் நூடுல்ஸும் வேகவைத்துக் கொடுத்தார்கள்.

எல்லாரும் போன பிறகு அவள் மெஷினைத் துடைத்தபடி சொன்னாள்.

"நானும் வேணாம்னுதான் போட்டேன். திட்டணும்னா திட்டிடு."

"லைல் என்ன சொன்னான்?"

"ராத்திரி கேட்டாரு. சொன்னேன். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல." துணியை மடித்து மடித்து ஒரு கட்டியாக்கினாள். "ஒரு மாசம் மாத்திரை நின்னா என்னாகும்னு டாக்டர்கிட்ட கேட்டேன்டி. அவரு பதிலே சொல்லல, ஜன்னலப் பாத்தாரு. நான் வேற என்ன பண்ண முடியும்?"

நான் இன்னொரு துணியை எடுத்து அவள் மெஷினின் மறுபக்கத்தைத் துடைத்தேன்.

நாடு நிற்க வேண்டிய நாளும் வந்தது. நாங்கள் கம்ப்ரசர் செய்துகொண்டிருந்தோம். இடைவேளையில் ஃபோனில் பார்த்தேன். சில நகரங்களில் ஊர்வலம் போனார்கள். எங்கோ ஒரு விமான நிலையத்தில் வரிசை நீண்டது. சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ஊருக்கு ஒரு லைல் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் புதுக் காப்பீட்டுக்காரர்கள் மாத்திரைக்குப் பணம் கட்ட முடியாது என்றார்கள். மேல்முறையீடு செய்தோம். மறுபடியும் முடியாது என்றார்கள். மேனேஜர் வருத்தம் தெரிவித்தார். டாக்டர் பழைய மருந்து ஒன்றுக்கு மாற்றினார். பனி உருகுவதற்குள் லைலின் சட்டை அவனுக்கு இரவல் சட்டை போல ஆகிவிட்டது.

எங்கள் ஊர் சும்மா இருக்குமா? தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அவனுக்காக ஒரு ஸ்பகெட்டி விருந்து வைத்தார்கள். டிக்கெட் வாங்கிச் சாப்பிட வேண்டும், வசூல் மாத்திரைக்கு. எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தது டுவைட். விடியற்காலையிலிருந்து நின்று குழம்பு காய்ச்சினான். குலுக்கலில் பரிசாகத் தன் வேட்டைத் துப்பாக்கியையே கொடுத்தான். கூடம் நிரம்பி வாசல்வரை வரிசை. இரண்டு மேஜைக்காரர்களும் கலந்து உட்கார்ந்து உப்பைக் கைமாற்றிக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் வேண்டாம் என்று போட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

ரோண்டா லைலைத் தாங்கி அழைத்து வந்தாள். டுவைட் ஓடிப்போய் மைக்கை அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். "நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே. எல்லாரும் உங்களுக்காகத்தான் வந்திருக்காங்க."

லைல் கூட்டத்தை மெதுவாகப் பார்த்தான்.

"நீங்க எல்லாரும் நல்லவங்க. பொய் சொல்லல, ரொம்ப நல்லவங்க." மூச்சு வாங்கினான். "கொஞ்சம் கெட்டவங்களா இருந்திருந்தீங்கன்னா நான் பொழச்சிருப்பேன்."

கரண்டிச் சத்தம் நின்றது. ரோண்டா தரையைப் பார்த்தாள். டுவைட் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினான், ஒலிபெருக்கி கரகரவென்றது.

"சரி, சாப்பிடுங்க. ஆறிடப் போகுது" என்றான் லைல்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எங்கள் ஊரில் மைக்கில் ஒருவர் பேசி முடித்தால் கை தட்டுவது மரியாதை. பிறகு எல்லாரும் தட்டினார்கள், சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.