இதழ் எண் 32 வந்து சேரவில்லை

எங்கள் தலைமை நூலகருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. எந்தக் காரியத்தையும் முடிக்கவும் மாட்டார், மேலே நகர்த்தவும் மாட்டார். அவர் மேசையில் நான் ‘நகச்சுத்தி’யின் மூன்று தடித்த தொகுதிகளைக் கொண்டுபோய் வைத்ததுதான் வினையாகப் போயிற்று.

நகச்சுத்தி, நாற்பது வருடங்களுக்கு முன்பு முப்பத்தோராவது இதழோடு நின்றுபோன மாதப் பத்திரிகை. யாரோ ஒரு புண்ணியவான் அதை அட்டை, விளம்பரம், அச்சுப்பிழை உட்பட அப்படியே மறுபதிப்பாகப் போட்டிருந்தார். அதை நூலகப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை.

“தொடங்கின வருஷம்னு எதைப் போடட்டும் சார்? பத்திரிகை ஆரம்பிச்சதையா, மறுபதிப்பு வந்ததையா?”

“நம்ம கையில இருக்கறது மறுபதிப்புதானே? இந்த வருஷத்தையே போடும்மா.”

போட்டேன். அடுத்த கட்டம், ‘முடிந்த ஆண்டு’. பத்திரிகை நின்ற வருடத்தைத் தட்டினால் கணினி ஒரேயடியாக மறுத்துவிட்டது. தொடங்குவதற்கு நாற்பது வருடம் முன்பே ஒன்று எப்படி முடியும்? அது கேட்பதும் நியாயம்தான். மறுபடி ஓடினேன்.

“காலியா விடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்.”

அவருடைய ‘அப்புறம்’ எங்கள் அலுவலகத்தில் பிரசித்தம். கட்டம் காலியாகவே கிடந்தது. காலியாக இருந்தால் பத்திரிகை இன்னும் வருகிறது என்று கணினிக்கு அர்த்தம். மாதாமாதம் அதுவே கடிதம் அடித்தது. தபால் பிரிவு கண்ணை மூடிக்கொண்டு பின்னட்டையிலிருந்த பழைய விலாசத்துக்கு அனுப்பியது. “தங்கள் இதழ் எண் 32 வந்து சேரவில்லை. உடனே அனுப்பவும்.”

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஆசிரியரே வந்து நின்றார். கூடவே மகள். வந்ததும் வராததுமாக அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினஞ்சு வருஷமா அப்பா பேனாவைத் தொட்டதே இல்லைங்க. உங்க லெட்டர் வந்ததுலேருந்து சாப்பிடக் கூப்பிட்டாலும் ‘ஏற்கனவே லேட்டு’ங்கறாரு!”

அவர் அதைக் காதில் வாங்காமல் பையிலிருந்து மை வாசனை போகாத ஓர் இதழை எடுத்து நீட்டினார். எண் 32. முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: ‘தவிர்க்க இயலாத காரணங்களால் இவ்விதழ் சற்றுத் தாமதமாக வெளிவருகிறது.’

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அரைப்புள்ளி இதழை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “இதை எடுத்துக்க முடியாதுங்களே. எங்க பதிவுல இருக்கறது மறுபதிப்பு. இது புதுசு.”

“அப்ப புதுசுன்னு எழுதிக்குங்க.”

“புதுசுன்னா எண் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணுமே!”

“முதல் முப்பத்தொண்ணையும் உங்க அலமாரியில வெச்சுக்கிட்டு என்னை ஒண்ணுலேருந்து ஆரம்பிங்கறீங்களா?”

அரைப்புள்ளி இதழை மேசையில் வைத்தார். “முதல்ல அந்தக் கட்டத்தை மூடித் தொலைம்மா” என்று என்மேல் பாய்ந்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். “லெட்டர் எழுதினது நீங்களாம்மா? முப்பத்தொண்ணுல எது பிடிச்சுது?”

மூன்று தொகுதிகளிலும் எனக்குத் தெரிந்தது உயரம் இருபத்துநாலு சென்டிமீட்டர் என்பது மட்டும்தான். அளந்தேனே தவிர ஒரு வரி படிக்கவில்லை. பொய் சொல்லலாம், மனம் வரவில்லை.

“நான் படிக்கலைங்க. அந்த லெட்டரும் நான் எழுதலை. கம்ப்யூட்டரே அடிச்சு அனுப்பிடுச்சு.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மேசையில் கிடந்த இதழை நேராக்கி வைத்தார்.

“நாற்பது வருஷத்துல ஒரு ஆளும் கேக்கலை. அதுக்காவது கேக்கத் தோணிச்சே” என்றார். இதழை மேசையிலேயே விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மதியம் சாப்பிடப் போகாமல் முப்பத்திரண்டாவது இதழைப் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் கடிதம் எழுதும் அதிகாரிகளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

“கட்டத்தை மூடிட்டியாம்மா?” என்று அரைப்புள்ளி எட்டிப் பார்த்தார்.

“அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு, எண் 32 வந்து சேர்ந்ததாகக் கணினியில் பதிந்தேன்.

அடுத்த முதல் தேதியும் கடிதம் தயாரானது: இதழ் எண் 33 வந்து சேரவில்லை. தபால் பிரிவுக்குப் போகுமுன் அதைக் கையில் வாங்கி, பன்னிரண்டாம் பக்கம் பிடித்திருந்தது என்று கீழே பேனாவால் எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.