சுரூபத்துக்கு அளவெடுத்த கையுறை

“பெட்டியைத் திறவுங்கோ, அங்கிள்.”

லவினா கேட்டேவிட்டாள். படியேறும்போதுகூட அம்மா றஞ்சிதம் அவள் கையைக் கிள்ளி, “என்னவும் கேள், அதை மட்டும் கேட்டுப்போடாத” என்று சொல்லியிருந்தாள். கொட்டாஞ்சேனையில், நூல் கொடுத்து, பின்னியதை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒஸ்வால்டுக்குக் கம்பளி பின்னிக் கொடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. பெட்டி நிறைந்ததும் அவர் கோயிலுக்குக் கொண்டுபோய் பாதரைக் கொண்டு மந்திரிக்க வைப்பார். அதன்பிறகு யாருடைய நகமும் அதில் படக்கூடாது. முன்பு திறக்கச் சொன்ன ஒருத்திக்கு மறுபடி நூலே கிடைக்கவில்லை.

ஒஸ்வால்ட் சிரித்தார். “என்ன மகள், கம்பஸில இதையோ படிப்பிச்சவை?”

விடியற்காலையில் டொரொன்டோவிலிருந்து அண்ணன் ரெனால்ட் அனுப்பிய படம் லவினாவின் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்றது. அவனுடைய கைக்குழந்தையின் சுண்டுவிரல், கத்தரிக்காய் நிறத்தில். லவினா பின்னி அனுப்பிய கையுறைக்குள் நூல் சுற்றி இறுகியிருக்கிறது. குழந்தை வீரிட்டு அழுதிருக்கிறது. குளிராக்கும் என்று அவர்கள் இன்னும் இறுக்கிப் போர்த்தியிருக்கிறார்கள்.

சிவப்பில் வெள்ளைப் பூ, அவளுடைய யோசனைதான். சிவப்பைப் பின்னும்போது வெள்ளை நூல் உள்பக்கமாக ஓடும். இடைக்கிடை அதைச் சிவப்போடு கோர்த்துப் பிடிக்க வேண்டும். அவள் பிடிக்கவில்லை. வெளியே பார்க்க வடிவு. உள்ளே முழுக்கச் சுருக்கு. போட்டுப் பார்க்காமல் அனுப்பியதும் இல்லை. வேர்த்து வழிகிற இந்த ஊரில் எந்தத் தாய் தன் பிள்ளைக்குக் கம்பளி மாட்ட விடுவாள்? வீட்டுக்கு வீடு, பாலன் யேசுவின் சிலையான சுரூபத்தின் கையில்தான் அளவு பார்ப்பது. சுரூபத்தின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், எதிலும் மாட்டாது. மாட்டினாலும் அழாது.

அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அதே பூவைப் பின்னினார்கள். எல்லாம் இந்தப் பெட்டிக்குள். கொஞ்ச நேரத்தில் வேன் வந்துவிடும். பிறகு விமானம், லண்டனில் ஒரு கடை, முகம் தெரியாத பிள்ளைகளின் கைகள்.

“அண்ணன்ர பிள்ளையின்ர விரல் உள்நூலில மாட்டி இறுகிப்போச்சு. எல்லாத்தையும் உள்பக்கம் பிரட்டி, தொங்கிற நூலைத் தைச்சுத் தாறன். கொஞ்சம் பொறுங்கோ, அங்கிள்.”

“நத்தார்ப் பண்டிகை முடிஞ்ச பிறகு ஆர் வாங்கிறது? ஒரு பிள்ளைக்கு மாட்டினா ஊர்ப் பிள்ளையள் எல்லாத்துக்கும் மாட்டுமோ?”

“ஒண்டுக்கு மாட்டினது காணாதோ?”

“மந்திரிச்ச சாமான், மகள். ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்.”

“அண்ணனுக்கு அனுப்பினதையும் மந்திரிச்சுத்தான் அனுப்பினனாங்க.”

“வாயை மூடடி!” என்றாள் றஞ்சிதம். ஒஸ்வால்டின் பக்கம் திரும்பினாள். “தம்பி, அவள் பயத்தில கதைக்கிறாள். மனசில வைக்காதீங்க.”

ஒஸ்வால்ட் எழுந்து வந்து பெட்டியின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கம்பளி என்பதால் பெட்டி மெல்ல அமுங்கியது. “இனித் திற பாப்பம்!”

லவினாவின் கைபேசி அதிர்ந்தது. ரெனால்ட்: ‘நகம் இன்னும் கறுப்புத்தான். டொக்டர் ஒண்டும் சொல்றாரில்லை.’

தெருவில் வேன் ஹோர்ன் அடித்தது. ஒஸ்வால்ட் குரலைத் தாழ்த்தினார். “இங்க பார். அதில உன்ர பேர் ஒரு இடத்திலயும் இல்ல. என்ன நடந்தாலும் ஆர் பின்னினதெண்டு ஒருத்தனாலயும் பிடிக்கேலாது. பேசாம வீட்ட போ.”

ஒரு கணம் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் படத்தில் பார்த்த விரலைவிட அவளைப் பயமுறுத்தியது.

ஒஸ்வால்டின் இரண்டு கால்களுக்கும் நடுவே, பெட்டியின் பக்கத்தில், லண்டன் கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருந்தன. குனிந்து அதைப் படம் எடுத்தாள்.

“ஏய், என்ன எடுக்கிறாய்?”

“கடையின்ர நம்பர். நீங்க ஏத்துங்கோ. பெட்டி அங்க போய்ச் சேர முதல் நான் கதைச்சிடுவன். என்ர பேரையும் சொல்லித்தான் கதைப்பன்.”

ஒஸ்வால்ட் எழும்பவில்லை. எழும்பினால் திறந்துவிடுவாள் என்று நினைத்தாராக்கும்.

“நான் இனி ஆரிட்டப் போய் நூல் வாங்கிறது?” றஞ்சிதம் அழவில்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

லவினா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, எண்களை அழுத்தியபடியே படியிறங்கினாள்.