கண்டல் குழுத் தலைவி

வார்டு கூட்டம் நடக்கிறது என்றால் ஜுமைலா முதல் ஆளாகப் போய்விடுவாள். எழுந்து நின்று ஒரே விஷயத்தைத்தான் கேட்பாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கும் கண்டல் என்கிற அலையாத்திச் செடிகளை எப்போது வெட்டப் போகிறீர்கள்? கொசு, பாம்பு, சேற்று நாற்றம்! மட்டாஞ்சேரியில் மற்றவர்களுக்கு அப்படியொரு கண்டல் இருப்பதே தெரியாது.

கண்டல் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது, அதனால்தான் கவுன்சிலர் கிருஷ்ணபிரசாத்துக்கு அவள் பெயர் மட்டும் நினைவுக்கு வந்தது.

"இத்தாதான் தலைவி. கண்டலைப் பத்தி இத்தாவைவிட ஆரு பேசியிருக்கு?"

"வெட்டத்தானல்லோ சொன்னேன்!"

"எந்தானாலும் பேசியதல்லே?"

தலைவியாகிவிட்டால் வெட்ட அனுமதி கொடுப்பதும் தான்தானே என்று தோன்றியதும் தலையாட்டிவிட்டாள்.

முதலில் அனுமதி கேட்டு வந்தவன் பக்கத்து வீட்டு மேஸ்திரி சங்கிலிப்பாண்டி. அவனுக்கு ஜல்லி கொட்ட இடம் வேண்டும்.

"ஒரு ஓரமா வெட்டிக்கிடுதேன்க்கா. ஒங்களுக்கும் கொசுத்தொல்லை போயிரும்லா?"

சரி என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அவள் சுவரையொட்டிச் சிமென்ட் குழைத்து, காயப்போட்ட துணியெல்லாம் பாழாக்கியவன் இவன்தான். கேட்டதற்கு, தூசி எல்லாருக்கும் பொது என்றவன்.

"ஒரு கொப்பைத் தொட்டாலும் போலீசுக்குப் போவேன். இது இயற்கையாக்கும்!" என்றாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அதற்கப்புறம் அவளாலும் வெட்ட முடியவில்லை. மொட்டைமாடியில் நின்று சங்கிலிப்பாண்டி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மருமகன் வேரடியில் வலை போட்டபோது அவன் ஊரைக் கூட்டினான். அவன் ஆட்கள் கட்டட இடிபாட்டைக் கொட்ட வந்தபோது அவள் ஊரைக் கூட்டினாள். ஒவ்வொரு சண்டைக்கும் குழுவில் ஒரு விதி பிறந்தது.

டிசம்பரில் கடல் பொங்கி வாய்க்காலில் வேலியேற்றம் வந்தது. கண்டலை வெட்டி மொட்டையாக்கியிருந்த எதிர்க்கரை சரிந்து, குப்பையும் சாக்கடையுமாக அடுக்களைகளுக்குள் புகுந்தது. இந்தப் பக்கம் கரை நின்றது. தண்ணீர் வாசற்படியை நனைத்துவிட்டுத் திரும்பியது.

பக்கத்து ஊரான கும்பளங்கியிலிருந்து ஒரு கண்டல் குழு பார்க்க வந்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். ஜுமைலா கூட்டத்தில் நின்ற சங்கிலிப்பாண்டியைக் காட்டி உள்ளதைச் சொன்னாள்.

"இந்த ஆளு மட்டும் இல்லேன்னா நான் இதை என்னிக்கோ வெட்டியிருப்பேன்."

கிருஷ்ணபிரசாத் நெகிழ்ந்துபோய் அதை மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கொண்டுவந்த பொன்னாடையைச் சங்கிலிப்பாண்டிக்குப் போர்த்தினார்கள், அவள் வீட்டு முற்றத்தில் வைத்தே.