கரையாத துத்தநாகம்

ஆறு மாதக் கடல் வாழ்வுக்குப் பின் படகு மேலேற்றப்பட்டதும் பட்டறையே ஆரவாரித்தது. சுக்கானின் அருகே துத்தநாகக் கட்டி, நேற்று வாங்கியதைப் போல் பளபளத்துக்கொண்டிருந்தது.

"பாருடி, ஒரு துளிகூட கரையல! யாரு கை பட்டது?" என்று குதித்தான் பெயின்டர்.

அவன் மனைவியோ கட்டியைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தாள். படகின் உலோக வேலை முழுவதும் அவளுடையது. வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் உறவாடினால் ஒன்று கரைந்தே தீரும் என்பதை அவள் நன்கறிவாள். சுக்கானைப் பிடித்திருக்கும் அலுமினியத் தாங்கியில் எவர்சில்வர் போல்ட்டுகள் இருந்தமையால், தாங்கிக்குப் பதிலாக இது கரையட்டும் என்றே துத்தநாகத்தைப் பூட்டியிருந்தாள். அது கரையவில்லையெனில், கரைந்தது எது?

அன்று படகு ஆய்வாளர் வரும் நாள். அவர் ஒப்புதல் அளித்தால்தான் அக்கரைக்குப் பயணிகளை ஏற்ற இயலும். படகின் பெருமையைத் தெரு முழுவதும் தம்பட்டம் அடித்து முடித்த மாமியார், கட்டைகளின் மேல் நின்ற படகில் ஏணி வைத்து ஏறி, முதல் இருக்கையையும் பிடித்துவிட்டிருந்தார்.

அவள் கட்டியை நகத்தால் சுரண்டினாள். மெல்லிய தோல் ஒன்று உரிந்தது.

"என்னங்க இது?"

"வார்னிஷ். மூணு கோட்டு. கரைஞ்சு கரைஞ்சு காணாமப் போயிடும்னு நீதானே சொன்ன? பாவமா இருந்துச்சு."

"அய்யோ, கரையறதுதாங்க அதுக்கு வேலையே!"

பதறிப்போய்த் தாங்கியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தேநீரில் நனைந்த பிஸ்கட்டைப் போல் அது உள்வாங்கியது, வெள்ளைத் தூள் உதிர்ந்தது, விரல் மாட்டிக்கொண்டது.

"சத்தம் போடாத. பட்டி வச்சு அடைச்சு பெயின்ட் அடிச்சிடறேன், யாருக்கும் தெரியாது."

"என் விரலோட சேத்தா? மேல உங்கம்மா உக்காந்திருக்காங்க!"

"என்னடா அங்க குசுகுசுன்னு?" என்றார் மேலிருந்த மாமியார்.

அவ்வேளையில் ஆய்வாளர் வந்து நின்றார். படகின் அடியில் மண்டியிட்டிருந்தவள் எழ இயலாமல், விரல் மாட்டிய நிலையிலேயே வணங்க முயன்று தோற்றாள்.

"சார், தாங்கி போச்சு. நீங்க பாக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

அவர் குனிந்து கட்டியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், வார்னிஷ் டப்பாவோடு விழித்தவனைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"துத்தநாகத்துக்கு மேக்கப் போட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன்! சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். மாத்திட்டுக் கூப்பிடும்மா."

எண்ணெய் ஊற்றி விரல் மீட்கப்பட்டது. பிறகு பட்டறையில் அனல் பறந்தது. புதிய தாங்கி அறுக்கப்பட்டது. போல்ட்டும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடாதபடி நைலான் குழாயும் வளையங்களும் நடுவே நுழைந்தன. வார்னிஷ் வழிக்கப்பட்ட கட்டி, தாங்கியின் பெயின்ட் படாத வெற்று உலோகத்தோடு இறுகப் பூட்டப்பட்டது. மாமியார் மட்டும் இறங்கவில்லை.

"எறங்கினா இடம் போயிடும்!"

மாலையில் ஆய்வாளர் சுக்கானைப் பிடித்து ஆட்டினார், தாங்கி அசையவில்லை. ஒப்பமிட்டார். மாமியாரோடு சேர்ந்தே படகு நீரில் இறங்கியது. பெயின்டர் துத்தநாகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாமியார் விளிம்பில் எட்டிப் பார்த்தார். "கரையுதா?"

"இப்பத்தானே அத்தை தண்ணியத் தொட்டிருக்கு!"

"சீக்கிரம் கரையச் சொல்லு. தெருவுக்கே சொல்லணும்!"