கண் டெஸ்ட்டுக்கு ட்யூஷன்

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தீக்ஷா சத்தமாக வாசிக்கும்போது வரி தாண்டிவிடுகிறாள். கண்ணைச் சோதித்துவிடுங்கள் என்று டீச்சர் மெயில் அனுப்பியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். குழந்தையின் கண்ணுக்கு ஏதாவது என்றால்?

சும்மா இருக்க என்னால் முடியாது. அந்தச் சோதனையில், நகரும் புள்ளியைக் கண்ணால் தொடர வேண்டுமாம். அதே மாதிரி வீடியோவை டிவியில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து தினமும் பழக்கினேன்.

"கண் டெஸ்ட்டுக்குமா ட்யூஷன்? நீ திருந்தவே மாட்ட, ஜலஜா," என்றார் என் கணவர் நவநீத். அவருக்கென்ன, மீட்டிங் இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

சோதனை நாளன்று, கண் டாக்டரைப் பார்க்க ஃப்ரீமான்ட் போகும் ஃப்ரீவேயில் கார்கள் அசையவில்லை. நகத்தைக் கடித்துத் தீர்த்தேன்.

டாக்டர் ஷ்யாமளா தீக்ஷாவை ஒரு திரைக்கு முன் உட்கார வைத்தார். திரைக்கு அடியில் சின்னக் கேமரா. கண் போகிற இடத்தையெல்லாம் அது பதிவு செய்து, டாக்டரின் கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். திரைக்கு இடதுபக்கம் எனக்கொரு நாற்காலி. முதலில் நகரும் புள்ளி.

"டாட் வர்றதுக்கு முன்னாடியே இவ அங்க போய் வெயிட் பண்றாளே! வீட்ல ப்ராக்டிஸ் பண்ணீங்களா?" டாக்டர் சிரித்தார்.

"கொஞ்சமா," என்றேன். கூசாமல் பொய்.

அடுத்தது வாசிப்பு. திரையில் அவள் பார்த்தேயிராத ஒரு கதை. இரண்டு இடத்தில் வரியை விட்டாள். என்னையறியாமல் உச்சுக்கொட்டினேன்.

முடிந்ததும் டாக்டர் என்னைத் தன் கம்ப்யூட்டரிடம் அழைத்தார். சிவப்புப் புள்ளி ஒவ்வொரு வரியிலும் ஒழுங்காகத்தான் போனது. வரி முடிந்ததும் இடது ஓரத்துக்கு ஓடிக் காணாமல் போனது. திரும்பி வரும்போது சில தடவை வேறு வரியில் வந்து விழுந்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று எட்டிப் பார்த்த டாக்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இருந்தது.

"சரியா படிச்சோமான்னு பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சிய பாக்கறா. அதுல லைன் மிஸ் ஆகுது," என்றார் மெதுவாக. "நீங்க கொஞ்சம் வெளிய வெயிட் பண்றீங்களா? இன்னொரு கதை குடுத்துப் பாக்கறேன்."

வராந்தாவில் உட்கார முடியாமல் நடந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் குரல் தடங்கலில்லாமல் ஓடியது. நடுவில் கதையில் ஏதோ வந்து கலகலவென்று சிரித்தாள். வாசிக்கும்போது அவள் சிரித்து நான் கேட்டதேயில்லை.

கதவு திறந்தது. "கண்ணு சூப்பரா இருக்கு. ஒரு லைன்கூட விடல," என்றார் டாக்டர்.

அவருக்குப் பின்னால் சிரித்தபடியே வந்த தீக்ஷா, என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"டிட் ஐ டூ ஓகே, அம்மா?"

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.