ஐந்தாவது ஆள்

கோச்சுக்கு எதற்கு முழங்காலில் கட்டு? வாராவாரம் கேட்கும் இந்தக் கேள்வியை அன்றும் கேட்டேன். என் தம்பி பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை, காலில் பளபளவென்று ஷூ, நடுவில் இந்த முழங்கால்.

“சும்மா போடுக்கா. கட்டு இல்லன்னா ஒரு மாதிரியா இருக்கு.”

“நீ ஓடப் போறதில்ல, குதிக்கப் போறதில்ல. ஓரமா நின்னு கத்தப் போற. கட்டுப் போடணும்னா தொண்டைக்குத்தான் போடணும்.”

“போடுறியா, நானே போட்டுக்கவா?”

அவனே போட்டுக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று கால் நீலமாகிவிடும். திட்டிக்கொண்டே போட்டுவிட்டேன்.

நான் அந்தக் கூடைப்பந்து அணியின் பிசியோ. அவன் ஆட வருவதற்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்க்கிறேன். அக்கா தயவில் உள்ளே வந்தவன் என்று ஆரம்பத்தில் அவனைச் சீண்டினார்கள். முதல் சீசன் முடிவதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. “இவங்கதான் அவரோட அக்காவாம்” என்று என்னைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

அவன் இடம் ஆடுகளத்தின் வலது மூலை. அங்கே போய் முழங்காலை மடக்கி நின்றானென்றால், பந்து கைக்கு வருவதற்கு முன்பே கூட்டம் எழுந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் அவனுக்கு மூலைக்காரன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் சாவியைக் காணோம் என்றால்கூட என் கணவர், “உன் தம்பியைக் கேளு, எந்த மூலையில கிடக்குன்னு சொல்லுவான்” என்பார்.

போன வருஷம் அந்த முழங்கால் கைவிட்டது. டாக்டர் பாவம், நல்ல மனிதர், பார்க்கலாம், முயற்சி செய்யலாம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். நான்தான் பட்டென்று போட்டு உடைத்தேன். “உன் ஆட்டம் முடிஞ்சதுடா.” அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவன் என்னோடு பேசவில்லை. எனக்கும் வீம்பு, நானும் பேசவில்லை.

சும்மா உட்கார்ந்தால் புத்தி கெட்டுவிடும் என்று என் கணவர் தன் ஹார்டுவேர் கடைக்கு அவனைக் கூட்டிப்போனார். ஸ்க்ரூ கேட்டு வந்தவர்களுக்கு அவன் பொட்டலத்தைக் கையில் கொடுக்கவில்லை, தூக்கிப் போட்டான். பலர் பிடித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். ஆணிப் பொட்டலத்தை மூக்கில் வாங்கிய ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்துவிட்டார். “மச்சான், நீ வீட்ல ரெஸ்ட் எடுப்பா” என்று என் கணவர் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு அவன் என் வீட்டு சோபாவில் கிடந்தான். டி.வி. ஓடும், அவன் பார்க்கமாட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யோசிப்பான். பேசியே என் தலையைத் தின்றவன் அப்படிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அணியின் கோச், வேறொரு அணி கூப்பிட்டதென்று நடு சீசனில் மூட்டையைக் கட்டினார். மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டார். “மூணு மேட்ச் தர்றேன். ஒண்ணாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லன்னா வெளியில இருந்து ஆளைக் கொண்டுவருவேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது.”

முதல் இரண்டும் போயின. அன்று மூன்றாவது. தோற்றால் மறுபடி சோபாதான். கடைப்பக்கம் வரவே கூடாது என்று என் கணவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அவனுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. கோச்சாக இருக்கத்தான் தெரியவில்லை. கோட்டோரம் நின்றுகொண்டு, யார் பந்தை எறிந்தாலும் கூடவே கையைத் தூக்கி மணிக்கட்டை மடக்குவான். ஆடுகிறவர்களைவிட அவனுக்கு அதிகமாக வேர்க்கும். நேற்றுவரை வாடா போடா என்று பழகிய கேப்டன் (ஆள் உயரத்துக்கு எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்) தம்பியை ‘கோச்’ என்று கூப்பிட வாய் வராமல் “இந்தாப்பா, இங்க பாரு” என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

அதைவிட மோசம், தம்பி பலகையில் கோடு போட்டு விளக்கும் அழகு. எங்கே ஆரம்பித்தாலும் கடைசி அம்பு வலது மூலையில்தான் போய் முடியும். தன் இடத்துக்கு வேறு அணியிலிருந்து எடுத்திருந்த புதியவனின் முகத்தை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். அந்த ஆளும் வாயே திறக்கமாட்டார். அதனால் அவருக்குச் சாமியார் என்று பெயர். வலது மூலையில் போய் நிற்பார், பந்தை எறிவார், பாதிக்குமேல் வெளியே போகும். தம்பி நெற்றியில் அடித்துக்கொள்வான்.

அன்றைய ஆட்டம் கடைசிவரை இழுபறி. முடிய சில நொடிகளே இருந்தன. நாங்கள் ஒரு புள்ளி பின்னால், பந்து எங்கள் கையில். தம்பி டைம்-அவுட் கேட்டான். ஐந்து பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்கள். பலகையோடு மண்டியிட்டான். ரொம்ப நாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவன் முகத்தில் இருந்தது.

“நெட்டை, பந்தை நீ வாங்கு. நீங்க மூணு பேரும் அவங்களை இடது பக்கமா இழுத்துட்டுப் போங்க. நெட்டை, நீ யாரையும் பாக்காத. பந்தை வலது மூலைக்கு அனுப்பிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“சரிப்பா” என்றான் நெட்டை. கோச் என்றால் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லத்தானே செய்வார்? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேர் சொல்லாததால், தன்னை உட்காரச் சொல்கிறான் என்று நினைத்துச் சாமியார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தம்பி போட்டிருந்த கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். ஆடிய காலமெல்லாம் மேல்சட்டையைக் கழற்றி இப்படித்தான் நீட்டுவான், நானும் வாங்கி மடியில் போட்டுக்கொள்வேன். அன்றும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அக்கா என்று ஒருத்தி பக்கத்தில் இருந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

நால்வர் உள்ளே போனார்கள். ஐந்தாவது ஆளாக என் தம்பி போனான். வலது மூலையில், பளபளக்கும் ஷூவில், டை தோளுக்குப் பின்னால் கிடக்க, முழங்காலை மடக்கி இரண்டு கையையும் ஏந்தி நின்றான்.

நடுவர் பந்தைக் கொடுக்கப் போனவர் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். எதிரணிக்காரன் ஒருவன் பழக்க தோஷத்தில் ஓடிவந்து அவனை மறித்துக்கூட நின்றான். முதலில் மேல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அரங்கமே குலுங்கியது. தம்பி குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது.

நடுவர் நல்லவர், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் விசில் ஊதினார். “சார், தப்பா நினைக்காதீங்க, ரூல் ரூல்தான்.” கோச் களத்துக்குள் வந்ததற்குத் தண்டனையாக எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதையும் போட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு புள்ளி பின்னால். பந்து மட்டும் எங்களிடமே இருந்தது. மேனேஜர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

தம்பி திரும்பி நடந்துவந்தான். காது வரை சிவந்திருந்தது. எனக்கு அவன்மேல் கோபம், சிரித்த கூட்டத்தின்மேல் கோபம், கோட்டை வாங்கிய என் கைமேல் அதைவிடக் கோபம். என்னிடம் வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. நேரே சாமியார் முன்னால் போய், அந்தக் கெட்டுப்போன முழங்காலை மடித்து உட்கார்ந்தான்.

“உனக்கு எங்க இருந்து போட்டாப் பிடிக்கும்?”

சாமியார் திகைத்தார். “இடது மூலைங்க. நான் இடது கைக்காரன்.”

“இத்தனை நாளா ஏம்ப்பா வாயைத் திறக்கல?”

“பலகையில நீங்க எப்பவும் வலது மூலையிலதான் ஆள் நிறுத்துவீங்க. அது நான் இல்ல, நீங்கதான்னு தெரியும். அதான் ஒண்ணும் சொல்லல.”

தம்பி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு எழுந்து நெட்டையைக் கூப்பிட்டான்.

“எல்லாத்தையும் அப்படியே இந்தப் பக்கம் திருப்பிக்கோ. பந்து இடது மூலைக்கு. இவருக்கு.”

“சரி கோச்” என்றான் நெட்டை. இந்த முறை அது தானாகவே வந்துவிட்டது.

சாமியார் உள்ளே போனார். தம்பி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று ஆட்டத்தில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பந்து நெட்டையிடம் போயிற்று. மற்றவர்கள் வலது பக்கம் ஓடினார்கள். எதிரணியில் பாதிப் பேர் இன்னும் மூலைக்காரனின் ஞாபகத்திலேயே வலது மூலைக்குப் பாய்ந்தார்கள். பந்து இடது மூலைக்குப் பறந்தது.

சாமியார் எறிந்தபோது எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. மூன்று புள்ளி. மணி அடித்தது.

கூத்தும் கும்மாளமும் அடங்கியபின் மேனேஜர் இறங்கிவந்தார். “வெளியில ஆள் தேடல. ஆனா ஒண்ணு, இனிமே கோட்டைத் தாண்டி ஒரு அடி வெச்ச, நானே உன்னைத் தூக்கி வெளிய போடுவேன்.” சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார்.

பிறகு என் அறைக்கு வந்து மேஜைமேல் ஏறி, பேன்ட்டைச் சுருட்டினான். நான் கத்தரியை எடுத்துக் கட்டை வெட்டினேன். அவன் கண் கலங்கியிருந்தது.

“வலிக்குதாடா?”

“முடி இழுக்குதுக்கா.”

நானும் அதையே நம்பிக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்தன்று அவன் வழக்கமாக வரும் நேரத்துக்கு மேஜையைத் துடைத்து, கட்டுப் போடும் டேப்பைக் கிழித்துக் கையில் பிடித்தபடி நின்றேன். நடையில் அவன் குரல் கேட்டது. யாரையோ கிண்டல் செய்துகொண்டே வந்தான். கதவில் தலையை மட்டும் நீட்டினான்.

“அக்கா, சாமியாருக்குக் கணுக்கால் கொஞ்சம் பிசகியிருக்கு. நல்லா இறுக்கிக் கட்டிவிடு.”

“உனக்கு?”

“எனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டான்.

நான் கிழித்த டேப்போடு நின்றுகொண்டிருந்தேன். அவன் முழங்காலுக்கென்று அளவெடுக்காமலே கிழித்தது, சரியாக அதே நீளம். கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அவன் ஆட்டம் முடிந்தது என்று முதலில் சொன்னவள் நான். கடைசியாக நம்பியவளும் நான்தான்.